மலைக்குப் போதல்

கேரம் டவுன்ஸிற் குடியிருக்கும் எம்மவர்க்கு மலை என்பது தூரத்தே தெரியும் ஒரு நீலக் கோடு மாத்திரமே. முன்னொரு காலத்திற் சதுப்பு நிலமாகக் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாய்க்கால் வெட்டி நீரைக் கடலுக்கு வடித்தபின் ஊராகிய இடம் இது. மேடு என்று சொல்லத்தக்கதொன்று இங்கில்லை. 1994 இற் குடமுழுக்குக் கண்ட சிவா விஷ்ணு ஆலயத்தின் கோபுரங்களே எமது கண்ணுக்கு எட்டிய உயரம். மழை விட்ட குளிர்காலக் காலைகளில் மட்டும், பண்டகசாலைகளின் தகரக் கூரைகளுக்கு அப்பால், வடகிழக்கே டண்டினோங் மலைத்தொடர் தெரியும்.

நாம் இங்கு வந்து பதினெட்டு ஆண்டுகளாகின்றன. இத்தனை காலத்தில் ஒரு நாளேனும் அந்த மலைக்குப் போனோமில்லை. சனிக்கிழமை மேலதிக நேர வேலை. ஞாயிறு கோயில், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, இல்லையேல் யாருடையதோ பிறந்தநாள் விழா. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினர்களோ கடலோரப் பாறைகளைக் காட்டு என்பார்களேயன்றி, மலையைக் காட்டு என்று கேட்டதில்லை. மலை பார்ப்பதென்பது வீட்டுக் கடன் கட்டி முடித்தவர்களின் காரியம் என்று நாமும் இருந்துவிட்டோம்.

கடந்த ஆனி மாதம் எமது மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்து சேர்ந்தார். எழுபத்தெட்டு வயது. கோயிலால் திரும்பும் வழியில் ஒரு நாள் கார்க் கண்ணாடியூடாகக் கைகாட்டி, "உதென்ன நீலமாத் தெரியுது?" என்று கேட்டார். மலை என்றோம். "போனனீங்களோ?" என்றார். இல்லை என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

எமது வீட்டின் பின்னறையில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறார். 2012 இற் படகில் வந்தவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இன்றுவரை பிரிட்ஜிங் விசாவிலேயே அவர் காலம் போகின்றது. 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தோர்க்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறக்கப்பட்டபோது எமது சமூகத்திற் பல வீடுகளிற் பாற்சோறு பொங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு நின்றவர்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. தம்பி அந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறார். நாம் முன்பு ஆசிரியராயிருந்தோம் என்று அறிந்த நாள் முதலாக எம்மை "சேர்" என்றே அழைப்பார். ஆண்டின் சில மாதங்களில் வைகறை நாலரை மணிக்கே எழுந்து, கதவை ஓசைப்படாமற் சாத்தி, "மலைக்குப் போட்டு வாறன் சேர்" என்று சொல்லிப் புறப்படுவார். மலைப்பக்கம் ஏதோ தோட்ட வேலை என்பதற்கு மேல் நாம் விசாரித்ததில்லை.

மலைப் பயணம் பற்றிப் பேச்செழுந்ததும், "எனக்கு ரோட்டுத் தெரியும் சேர், நான் ஓடுறன்" என்று அவரே முன்வந்தார். ஆடி மாதத்து ஞாயிறொன்றில், நண்பரொருவரின் எட்டுப்பேர் இருக்கும் வாகனத்தை இரவல் வாங்கிக்கொண்டு, புட்டும் கத்தரிக்காய் வதக்கலும் வாழைப்பழமும் ஒரு பிளாஸ்க் தேநீருமாகப் புறப்பட்டோம். நாம், துணைவியார், மாமியார், பிள்ளைகள் இருவர், தம்பி.

பெல்கிரேவ் என்னும் சிற்றூர் மலையின் வாசற்படி. அங்கிருந்து புறப்படுவது பவ்விங் பில்லி என்னும் நீராவிப் புகையிரதம். 1900 ஆம் ஆண்டு திசம்பரில் இப்பாதை திறக்கப்பட்டது. மலைக்காட்டுக் குடியேற்றக்காரரின் மரமும் உருளைக்கிழங்கும் சந்தைக்கு இறங்குவதற்காகக் குறைந்த செலவில் இட்ட பாதையாதலால் தண்டவாளங்களுக்கிடையே இரண்டடி ஆறங்குலமே அகலம். இதை வாசித்ததும் எமக்கு நானுஓயா நினைவுக்கு வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலை வரை இதே இரண்டடி ஆறங்குலப் பாதையொன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இட்டு, 1940களிற் கைவிட்டுவிட்டார்கள். நாம் மலைநாட்டிற் படிப்பித்த காலத்தில் அதன் தடம் மாத்திரமே எஞ்சியிருந்தது.

பவ்விங் பில்லியும் அவ்வாறு மறைந்திருக்க வேண்டியதுதான். 1953 இல் நிலச்சரிவொன்று பாதையை மூடியது. மறு ஆண்டு அரசு சேவையை நிறுத்திற்று. 1955 இல் ஊர்மக்களும் புகையிரதப் பித்தர்களும் சேர்ந்து சங்கம் அமைத்தனர். 1962 இல் ஒரு பகுதி ஓடத் தொடங்கியது. பின்னர் துண்டு துண்டாக நீண்டு, 1998 இல் ஜெம்புரூக் வரையுள்ள ஏறத்தாழ 24 கிலோமீற்றரும் மீண்டன. இன்றும் பச்சைக்கொடி காட்டுபவர், சீட்டுக் கிழிப்பவர் எனப் பலர் சம்பளமின்றி உழைக்கும் தொண்டர்கள். கரி அப்பிய முகத்துடன் எந்திரத்திலிருந்து எட்டிப் பார்த்தவரைக் கண்டு எமது மகன், அவர் ஓய்வுபெற்ற கணக்காளராயிருப்பார் என்று ஊகித்தான். இருக்கலாம்.

மரத்தாலான உயர்ந்த வளைபாலத்தின் மேல் வண்டி திரும்பும்போது முன்னே எந்திரமும் பின்னே கடைசிப் பெட்டியும் ஒருங்கே தெரிகின்றன. கீழே ஓடையும் ஆளுயரப் பன்னங்களும். மாமியார் கம்பியைப் பிடித்தவாறு, "எங்கட கோச்சி இதிலும் பெரிசு" என்றார். எமது கோச்சி 1990 ஆனியில் நின்றது. பின்பு தண்டவாளங்களைக் கிளப்பிப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாக்கினோம். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தபோது இருபத்துநான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த இடைவெளியிற் பிறந்து, வளர்ந்து, புகையிரதம் என்பதைப் பாடநூற் படத்திற் கண்டவர் தம்பி. "நான் முதல் ஏறின ட்றெயின் மெல்பேர்ணிலதான் சேர்" என்றார்.

மதியத்தில் ஷேர்புரூக் காட்டை அடைந்தோம். இங்குள்ள மலைச் சாம்பல் மரம் என்னும் யூகலிப்டஸ், பூக்கும் தாவரங்களுள் உலகிலேயே மிக உயரமாக வளர்வது. அண்ணாந்தால் கழுத்து வலிக்கும், உச்சி தெரியாது. அந்த மணம் எமக்குப் புதிதன்று. அவுஸ்திரேலியாவின் யூகலிப்டஸ்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக்குச் சென்று, தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகாகவும் காற்றுத் தடையாகவும் வளர்ந்தது. தோட்டங்களில் அதை டர்பன்டைன் மரம் என்பார்கள். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு என்று அங்கு சொல்லப்படும் கிரவில்லியாவும் இந்நாட்டு மரமே. மரங்கள் இங்கிருந்து அங்கு போயின, நாம் அங்கிருந்து இங்கு வந்தோம். மரங்களிடம் யாரும் விசா கேட்கவில்லை என்று துணைவியார் சொன்னார்.

பத்துச் சத நாணயத்திற் பொறித்திருக்கும் யாழ்ப்பறவையைக் காணவேண்டும் என்பது மகளின் ஆசை. வாலிறகு யாழ் வடிவில் விரிவதால் அப்பெயர். குளிர்காலமே அதன் பாடும் பருவம். கேட்ட ஒலியையெல்லாம் திருப்பிச் சொல்லும் வித்தை அதற்குண்டு. கிளி, குக்குபரா முதலிய பிற பறவைகளின் குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக இறைக்கும். நாம் பறவையைக் காணவில்லை. பன்னங்களுக்குப் பின்னாலிருந்து ஐந்தாறு பறவைகள் ஒரே நேரத்திற் பேசுவதுபோல் ஓசை வந்தது. ஒரே பறவை என்று தம்பி சொன்னார். தனக்கென்று ஒரு குரல் அதற்கு உண்டோ என்று மகள் கேட்டாள். உண்டு, ஆனால் கொஞ்சந்தான் என்றார்.

காட்டோரத்து மேசையிற் புட்டைப் பரிமாறும்போது மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டார். யாழ்ப்பாணத்தவர் எவரையும் சந்தித்த மூன்றாவது நிமிடத்திற் கேட்கும் கேள்வி. ஒரு மாதமாக அவர் அதை அடக்கி வைத்திருந்ததே வியப்பு.

"தம்பி எந்த ஊர்?"

"கிளிநொச்சி, அம்மம்மா."

"அது சரி. அதுக்கு முதல்?"

கேள்வியின் உள்நோக்கம் எமக்கு விளங்கிற்று, தம்பிக்கும் விளங்கியிருக்கும். அவர் கையிலிருந்த புட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "அதுக்கு முதல் நுவரெலியாப் பக்கம். தோட்டம். எழுபத்தேழு கலவரத்தோட அப்பப்பா ஆக்கள் லயத்த விட்டிட்டு வன்னிக்கு வந்தவை" என்றார்.

ஒரு மேசையில் அறுவர் இருக்கையிற் கரண்டி ஓசை மாத்திரம் கேட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. எம்மவர் வீடுகளில் மலைநாட்டு மக்களைக் குறிக்கப் புழங்கிய சொல்லொன்று உண்டு. அதை இங்கு எழுதவேண்டியதில்லை. வாசகர் அனைவரும் அறிவர். நாமும் மாணவப் பருவத்தில் அதைப் பகிடியாகச் சொல்லியிருக்கிறோம். 1948 இல் ஒரு சட்டத்தால் அந்த மக்களின் குடியுரிமை போனபோதும், 1964 இற் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டபோதும், அது எமது வீட்டுத் துக்கமாக இருக்கவில்லை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. தம்பியின் பாட்டனார் 1948 இல் நாடற்றவரானார். பேரன் வேறொரு நாட்டில், ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் கடிதத்தோடு இருக்கிறார். இரண்டுக்கும் இடையே நாம் பட்டம் பெற்று, ஆசிரியராகி, வரலாறும் கற்பித்தோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைப் பட்டம் பெற்ற கையோடு எமக்குக் கிடைத்த நியமனம் அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலை. ஏழு ஆண்டுகள் அங்கிருந்தோம். ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் நால்வர் ஐவர் சேர்ந்து நுவரெலியாவுக்குப் போவோம். கிரெகறி வாவி, விக்ரோறியாப் பூங்கா, குதிரைப் பந்தயத் திடல். வழியிற் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்வோம். அப்படங்களில் ஒன்று இன்றும் எம்மிடம் உண்டு. பின்னால் நிற்கும் பெண்களுள் எமது மாணவரின் தாயார் எவரேனும் இருக்கலாம் என்ற எண்ணம், படம் எடுத்த அன்று எமக்கு எழவில்லை.

ஒருமுறை பத்தாம் வகுப்புக்கு 'நான் கண்ட இயற்கைக் காட்சி' என்று கட்டுரை கொடுத்தோம். சன்னலைத் திறந்தால் மலை, மலை மேல் மேகம், மேகத்துக்குள் அருவி. ஆகவே விடைத்தாள்களில் மலையழகு கொட்டும் என்று எதிர்பார்த்தோம். இருபத்தெட்டு மாணவரில் ஒருவர்கூட மலையைப் பற்றி எழுதவில்லை. கடலைக் கண்டே அறியாத பிள்ளைகள் கடலை வருணித்திருந்தனர். கற்பனை செய்து எழுதியமைக்காகப் புள்ளி குறைத்தோம்.

தம்பியின் பேச்சு அன்று ஒரு விடயத்தைத் தெளிவாக்கியது. சசாப்ராஸ் என்னும் மலையூரில், விறகடுப்பு எரியும் தேநீர்ச்சாலையொன்றில் இருந்தபோது துணைவியார் கேட்டார்: "தம்பி, ஒவ்வொரு நாளும் மலைக்குப் போறன் எண்டு சொல்லுறியள், இந்த மலைக்கோ?"

"இதுக்கில்லை அக்கா. அங்கால பள்ளத்துக்கு. முந்திரிகைத் தோட்டம். அது சமதரைதான்." சிரித்தார். "அப்பாயி அப்பிடித்தான் சொல்லும். தோட்டத்தில வேலைக்குப் போறதெண்டா மலைக்குப் போறது. கிளிநொச்சியில கச்சான் பிடுங்கப் போகேக்கையும் மலைக்குப் போறன் எண்டுதான் சொல்லும். நாங்கள் சிரிப்பம். 2009 இல அப்பாயி இல்லாமப் போச்சு. எனக்கு இஞ்ச வேலை கிடைச்ச முதல் நாள் அந்தச் சொல்லுத்தான் வாயில வந்தது."

ஏழு ஆண்டுகள் மலைநாட்டில் இருந்த நாம் அச்சொல்லை நூறு தடவை கேட்டிருப்போம். மலைக்குப் போயிருக்கா, மலையில இருந்து வரல்ல என்று பிள்ளைகள் தாய்மாரைப் பற்றிச் சொல்வார்கள். அவர்களுக்கு மலை என்பது பெரட்டுக்கு நின்று, பேர் பதிந்து, கூடை சுமந்து ஏறும் இடம். அதைக் காட்சி என்று எப்படி எழுதுவார்கள்?

தேநீர்ச்சாலையைப் பற்றியும் சொல்லவேண்டும், அதற்குத்தானே வந்தோம். இம்மலையூர்களின் சிறப்பு டெவன்ஷயர்த் தேநீர் எனப்படுவது: ஸ்கோன் என்னும் மெத்தென்ற மாப் பணியாரம், ஸ்ரோபெரி ஜாம், திரண்ட பாலாடை, ஒரு குடுவைத் தேநீர். ஸ்கோனைக் கத்தியால் வெட்டாமற் கையாற் பிட்டு, சூடு ஆறுமுன் பூசி உண்ணவேண்டும். பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்டனர். விலையைக் கண்ட துணைவியார் ஒரு முறையே போதும் என்றார். தேநீர்ப் பட்டியலிற் 'சிலோன்' என்றொரு வகை இருந்தது. 1972 இல் நாடே கைவிட்ட பெயரைத் தேயிலை விடவில்லை. மாமியார் ஒரு மிடறு குடித்து, "சாயம் காணாது" என்றார்.

பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பாராமல், "எங்கட வீட்டிலும் ஒரு பிள்ளை நிண்டது. தோட்டத்திலயிருந்து வந்தது. ஒன்பது பத்து வயசிருக்கும்" என்றார்.

எமக்குத் தெரியும். துணைவியாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் எமது பக்கத்துப் பல வீடுகளில் அவ்வாறு ஒரு பிள்ளை நின்றது.

"பேர் என்ன அம்மம்மா?" என்று தம்பி கேட்டார். கோபமில்லை. கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்டதுபோல் இருந்தது.

மாமியார் நெடுநேரம் யோசித்தார். "நாங்கள் வேற பேர் வைச்சுக் கூப்பிட்டனாங்கள்" என்றார். "அதின்ர பேர் எனக்குத் தெரியாது."

தம்பி குடுவையை எடுத்து அவருடைய கோப்பையில் ஊற்றினார். நின்று போயிருந்ததால் இப்போது சாயம் ஏறியிருந்தது.

வில்லியம் றிக்கற்ஸ் என்னும் சிற்பி மலைச்சரிவிற் பாறைக்கும் பன்னத்துக்கும் இடையே களிமண்ணாற் சமைத்த பூர்வகுடி முகங்களைப் பார்க்க நேரமில்லாது போயிற்று. 1970 முதல் 1972 வரை அவர் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர் என்பதால் அது எமக்குக் குறையே. 2021 ஆனிப் புயலில் இம்மலையிற் பெருமரங்கள் சாய்ந்து பல வீடுகள் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அந்தச் சோலையும் அப்போது மூடப்பட்டு நெடுங்காலம் கிடந்தது. ஒலிண்டாவிலுள்ள பூங்காவில் வசந்தத்திற் செந்நிற ரோடோடென்ட்ரன் பூக்கும் என்கிறார்கள். ஐப்பசியிற் போகக்கூடிய வாசகர்கள் போய்ப் பாருங்கள்.

மலையின் மறுபுறம் இறங்கினால் யாரா பள்ளத்தாக்கு. விக்ரோறியாவின் முதலாவது முந்திரிகைத் தோட்டம் 1838 இல் இங்கே யெரிங் என்னும் இடத்தில் நடப்பட்டது. பின்னர் சுவிஸ் நாட்டவர் சிலர் வந்து கொடிகளைப் பெருக்கினர். 1889 இல் பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இப்பள்ளத்தாக்கின் வைன் பெரும்பரிசு பெற்றது. அதன்பின் பொருளாதார வீழ்ச்சியும் சுவை மாற்றமும் சேர்ந்து கொடிகளைக் கிளப்பி மாடு மேய்க்க வைத்தன. 1960களின் பிற்பகுதியிலிருந்துதான் மீண்டும் நட்டார்கள். குளிர் மிகுந்த இடமாதலால் பினோ நுவார், சார்டனே ஆகிய இரண்டும் இங்கு நன்கு விளைகின்றன.

இதே பள்ளத்தாக்கில், ஹீல்ஸ்வில்லுக்கு அண்மையில், கொறண்டர்க் என்றொரு குடியிருப்பு இருந்தது. 1863 இற் பூர்வகுடி மக்கள் அங்கு குடியேறி, காடு வெட்டி, பியருக்கு மணமூட்டும் ஹொப் என்னும் கொடியைச் செழிப்பாகப் பயிரிட்டனர். நிலம் வளமானதும் அதை வேண்டியோர் பலராயினர். வில்லியம் பராக் என்னும் அவர்களின் தலைவர் தம் மக்களோடு மெல்பேர்ண் வரை நடந்து சென்று முறையிட்டார். 1886 இல் வந்த சட்டமொன்று கலப்புக் குருதியுடைய இளையோரை அங்கிருந்து வெளியேற்றிற்று. உழைக்கும் கைகள் போயின. 1924 இற் குடியிருப்பு மூடப்பட்டது. வைன் அருந்த வருவோர் அந்த வழியாலேயே போகின்றனர்.

மூன்றரை மணியளவில் ஒரு வைன் சாலையை அடைந்தோம். கட்டணம் செலுத்தினால் ஐந்து வகையிற் சிறிது சிறிதாக ஊற்றித் தருவார்கள். முகர்ந்து, வாயில் வைத்து, துப்ப விரும்புவோர் துப்புவதற்கு ஒரு பாத்திரமும் உண்டு. எமது ஊரில், காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும், இந்தப் பனைக்கும் அந்தப் பனைக்கும் வேறுபாடு சொல்லத்தக்க பெரியவர்கள் இருந்தார்கள். ஆனால் தவறணையிற் துப்புவதற்குப் பாத்திரம் வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பினோ நுவார் நிறத்தில் வெளிறியது. நாவற்பழத்தின் துவர்ப்பும் மழைக்குப் பிந்திய மண்ணின் வாசமும் அதில் இருந்ததாக எமக்குப் பட்டது. துணைவியார் புளிக்கிறது என்றார்.

தம்பி வாகனம் ஓட்டுவதால் அருந்தவில்லை. கிண்ணத்தை வாங்கி முகர்ந்து மாத்திரம் பார்த்தார். "பக்கத்துத் தோட்டத்திலதான் ஆறு வருசமா வேலை சேர். இதுக்குள்ள வந்தது இண்டைக்குத்தான். இப்பிடி மணக்குமெண்டு தெரியாது."

வெளியே கம்பிகளிற் கட்டிய கொடிகள் வரிசை வரிசையாக இலையின்றிக் கறுத்து நின்றன. "எல்லாம் பட்டுப்போச்சோ?" என்று மாமியார் பதறினார். அவருடைய தகப்பனார் உரும்பிராயில் முந்திரிகைப் பந்தல் போட்டவர். அங்கு தலைக்கு மேலே பந்தல், ஆண்டு முழுவதும் பச்சை. இங்கு இடுப்பளவில் வேலி, குளிர்காலத்தில் உறக்கம். தம்பி வேலியோரத்திலிருந்து விளக்கினார். சென்ற ஆண்டுக் கொடியிற் பத்தில் ஒன்பது பங்கை வெட்டி எறிய வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணு விட்டுச் சரிவாக வெட்டினால், அக்கணுவிலிருந்து வசந்தத்தில் எழும் தளிரிலேதான் குலை. வெட்டாமல் விட்டால் இலை மாத்திரம் மண்டும். வைகாசி கடைசி தொடங்கி ஆவணி வரை இதே வேலை. கத்தரிக்கோல் பிடித்த விரல்கள் இரவில் மடங்காவாம்.

"உதுக்குப் பேர் என்ன?" என்றார் மாமியார்.

"கவ்வாத்து."

எமக்கு மெய் சிலிர்த்தது. தேயிலைச் செடியை இடுப்பளவிற் தறிக்கும் வேலைக்கு மலைநாட்டில் வழங்கும் சொல் அது. "நாங்களும் கவ்வாத்து எண்டுதான் சொல்லுறது" என்று மாமியார் வியந்தார். "ஐயா புரட்டாதியில ஆள் பிடிச்சுச் செய்விப்பார்."

வேலிக்கு வெளியே, வாகனம் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், வெட்டி எறிந்த கொடித்துண்டுகள் சில கிடந்தன. மாமியார் குனிந்து பென்சில் நீளத்தில் ஒன்றை எடுத்து, சேலைத் தலைப்பிற் சுற்றத் தொடங்கினார். வீட்டுப் பின்வளவில் ஊன்றப் போகிறாராம். தம்பி ஓடிவந்து தடுத்தார். வேரைத் தின்னும் பிலொக்சரா என்னும் நுண்பூச்சி 2006 இல் இப்பள்ளத்தாக்கிற் கண்டறியப்பட்டதாகவும், அன்று முதல் இப்பகுதி தடுப்பு வலயம் என்றும், கொடியோ வேரோ மண்ணோ அனுமதியின்றி எல்லை தாண்டக்கூடாது என்றும், வேலையாட்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் சப்பாத்தை மருந்து நீரிற் தோய்த்தே நுழையவேண்டும் என்றும் சொன்னார். வாயிலிற் பலகையும் இருந்தது. நாம் கவனிக்கவில்லை.

"பூச்சி இல்லாட்டிலுமோ?" என்றார் மாமியார்.

"இல்லாட்டிலும்தான் அம்மம்மா. இருக்கோ இல்லையோ எண்டு அவைக்குத் தெரியாதுதானே."

மாமியார் கொடியைக் கீழே வைத்தார்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. பிள்ளைகள் உறங்கினர். மாமியார் முன்னிருக்கையில், தம்பிக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய அப்பாயியின் பெயர் என்ன என்று கேட்டதும், அவர் சொன்னதும், மாமியார் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னதும் எமக்குப் பின்னாலிருந்து கேட்டது.

அடுத்த ஞாயிறு தம்பி நாற்றுக்கடையிலிருந்து முறைப்படி விற்பனைக்கு வந்த முந்திரிகைக் கன்று ஒன்றைச் சட்டியோடு வாங்கிவந்தார். பின்வளவின் வடக்கு வேலியோரம் வெயில் படும் என்று இடம் தெரிந்தார். மாமியார் நாற்காலி போட்டிருந்து, குழியின் ஆழம் காணாது, எரு காணாது என்று குறை சொன்னார். பந்தலா, வேலியா என்பதில் இருவர்க்கும் தர்க்கம். கடைசியிற் பந்தல் என்று முடிவாயிற்று.

"எப்ப காய்க்கும்?"

"மூண்டு வருசம் அம்மம்மா."

"மூண்டு வருசமோ! அப்ப நான் எங்க இருக்கிறனோ. நீர் இருப்பீர்தானே, பாத்துக்கொள்ளும்."

மாமியாருக்கு விசா வகைகள் தெரியா. தம்பி எம்மைப் பார்த்தார். நாம் மண்வெட்டியைப் பார்த்தோம். "ஓம் அம்மம்மா" என்று சொல்லிவிட்டு, கன்றைக் குழிக்குள் இறக்கி, வேரைச் சுற்றி மண்ணைக் கையாலேயே அழுத்தத் தொடங்கினார்.